கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறதா? ஃபார்மட் போடும் முன் பார்க்க வேண்டியவை

சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று சொன்னதும் பலர் வாயிலிருந்து முதலில் வருவது, "ஃபார்மட் போட்டுடலாம்." டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடும் அந்த வேலையைத்தான் கடைசியில் செய்ய வேண்டும். சூடோ தூசியோ கரண்டோ காரணமாக இருந்தால் ஃபார்மட் போட்டாலும் ஹேங் ஆவது நிற்காது. ஹார்ட் டிஸ்க் காரணமாக இருந்தால் இன்னும் மோசம். டேலி கணக்கு, பிள்ளைகளின் போட்டோ, பழைய ரசீது எல்லாம் அன்றோடு போய்விடும்.

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் கடைகளிலும் வீடுகளிலும் நான் பார்த்தவரை, விண்டோஸ் கெட்டுப்போய் நின்ற சிஸ்டம் குறைவு. வெயில், தூசி, வோல்டேஜ், வயதாகிப்போன ஹார்ட் டிஸ்க், இந்த நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் சிஸ்டம் செய்வது எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## நின்றவுடன், எதையும் அணைக்கும் முன்

கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால் மொத்தமாக உறைந்துவிட்டது. ராம், சூடு, எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டு பக்கம் போக வேண்டும். சில வயர்லெஸ் கீபோர்டில் இந்த விளக்கே கிடையாது. வயர் வைத்த கீபோர்டு ஒன்றைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கேபினட் முகப்பில் உள்ள ஹார்ட் டிஸ்க் விளக்கு. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் டிஸ்க் மேல்தான் முதல் சந்தேகம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர் வருகிறதா பாருங்கள். வந்தால் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது நூறைத் தொட்டு நிற்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு போட்டோ நீங்கள் வாயால் சொல்வதை விட உதவும்.

எதுவும் நடக்கவில்லையா, பவர் பட்டனை அணையும் வரை அழுத்திப் பிடித்து அணையுங்கள். பிறகு ஒரு தாளில் நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓடியதா, கரண்ட் போய் வந்ததா என்று குறித்து வையுங்கள். நாலைந்து முறை குறித்தால் உங்களுக்கே விஷயம் பிடிபடும்.

மறுபடி ஆன் ஆனதும் முதல் வேலை, முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுப்பது. ஆராய்ச்சி எல்லாம் அப்புறம். டேலி பேக்கப்பை அதே கம்ப்யூட்டரின் டி டிரைவில் போட்டுவிட்டு "பேக்கப் இருக்கு சார்" என்று சொல்கிறவர்கள் நிறைய. சி, டி என்று இரண்டு பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான்.

## மவுஸ் நகர்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் தானாகச் சரியாகிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அம்புக்குறி நகரும், கிளிக் செய்தால் பதில் இருக்காது, மேலே "நாட் ரெஸ்பான்டிங்" என்று வரும், ஒரு நிமிடம் கழித்து நீங்கள் அழுத்தியதெல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி தொண்ணூறுக்கு மேல் என்றால்: ராம் போதவில்லை. நாலு ஜிபி ராமில் விண்டோஸ் பத்தோ பதினொன்றோ போட்டு, குரோமில் பத்துப் பதினைந்து டேப் திறந்தால் இப்படித்தான். டேப்களை மூடுங்கள், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை டிசேபிள் செய்யுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் இன்னொரு ராம் போட்டு எட்டு ஜிபி ஆக்குங்கள். வாங்கும் முன் டிடிஆர்3 ஆ, டிடிஆர்4 ஆ என்று பார்த்துக்கொள்ளவும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது.

டிஸ்க் நூறு என்றால்: எந்த புரோகிராம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டோ ஆன்டிவைரஸ் ஸ்கேனோ என்றால் ஒரு ராத்திரி ஆனில் விட்டு முடியவிடுங்கள். பாதியில் அணைத்து அணைத்து வைத்தால் தினமும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே ஃபைலை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்கும். சி டிரைவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இடம் இருந்தால் முதலில் டவுன்லோட்ஸைக் காலி செய்யுங்கள்.

இவை எதுவுமில்லாமலே டிஸ்க் நூறில் நிற்கிறதா? கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' வந்தால் அந்த வரிசைகளில் இரண்டைத் தேடுங்கள்: ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார். இரண்டாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், படிக்க முடியாத இடங்களில் டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சிஸ்டம் காத்திருப்பது அதற்காகத்தான். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

அதே பட்டியலில் சிஆர்சி எரர் கவுண்ட் மட்டும் ஏறியிருந்து மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் சந்தோஷப்படலாம். டிஸ்க் நன்றாக இருக்கிறது, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் சரியில்லை. கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், மதர்போர்டில் வேறு போர்ட்டில் போட்டுப் பாருங்கள், அப்புறம் புதுக் கேபிள். ஒரு கேபிளுக்காக முழு ஹார்ட் டிஸ்க்கை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது.

எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட சிஸ்டமும் சரியாக அரை நிமிடம் நின்று நின்று ஓடுவதுண்டு. விண்டோஸ் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 129 என்ற எண்ணோடு 'ரீசெட் டு டிவைஸ்' என்று வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் கேபிளை மாற்றிவிட்டு, பவர் ஆப்ஷனில் ஹை பெர்ஃபார்மன்ஸ் வைத்து, பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் என்பதை ஆஃப் செய்யுங்கள். அதே இடத்தில் 7 என்ற எண்ணோடு 'பேட் பிளாக்' என்று வந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

டிஸ்க் நன்றாக இருந்தும் எப்போதும் மெதுவாகவே இருக்கிறது என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இன்றைய விண்டோஸ் ஓட்டுவதுதான் கஷ்டம். சின்ன எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றி, பழைய டிஸ்க்கை ஃபைல் வைக்க விட்டுவிடுங்கள். பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவில் உருப்படியான செலவு இது.

எப்போது நிறுத்த வேண்டும்: டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள், ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், திறக்காதீர்கள். உள்ளே இருப்பது வேண்டும் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் மீட்கும் வாய்ப்பு குறையும்.

## காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்தில் நிற்கிறது

சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது, தகர ஷீட் போட்ட கடையில் மேசைக்கு அடியில் உள்ள சின்ன மரப்பெட்டி அறையில் கேபினட் இருந்தால் அது என்ன செய்யும்? ப்ராசஸரைக் குளிர வைக்க உள்ளே போகும் காற்றே சுட்டுக்கொண்டு போகிறது.

ஆன் செய்து அரை மணி நேரத்தில் நிற்பது, அணைத்துப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுவது, மழை நாளில் பிரச்சினையே இல்லாமல் இருப்பது, ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போய் அப்புறம் உறைவது. இவற்றில் எது இருந்தாலும் சூடுதான்.

முதலில் காசில்லாத வேலை. கேபினட்டை மேசைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் இல்லாமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி ஒரு மதியம் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் நோய் தெரிந்துவிட்டது. ஆனால் மூடி இல்லாமலே வருஷம் பூராவும் ஓட்டாதீர்கள். தூசியும் பல்லியும் அதற்காகவே காத்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்க் கருகிக் கிடந்ததை எடுத்திருக்கிறேன்.

ஹெச்டபிள்யூ மானிட்டர் மாதிரி ஒரு மென்பொருளில் ப்ராசஸர் சூட்டைப் பாருங்கள். வெயில் காலத்தில் சும்மா இருக்கும்போது ஐம்பது, ஐம்பத்தைந்து டிகிரி என்றால் பயப்பட வேண்டாம். வேலை கொடுத்தால் எழுபது, எண்பது வரை போகலாம். சும்மா இருக்கும்போதே எழுபதைத் தாண்டினாலோ, கொஞ்சம் வேலைக்கே தொண்ணூறைத் தொட்டாலோ உள்ளே பார்க்க வேண்டும்.

அடுத்தது தூசி. ஊருக்கு ஊர் தூசி வேறு. குடியாத்தத்தில் தறி ஓடும் வீடுகளில் நூல் பஞ்சு, ப்ராசஸர் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் போய்க் கம்பளி மாதிரி அடைத்துக்கொள்ளும். மேலே ஃபேன் ஜோராகச் சுற்றும், காற்று கீழே இறங்காது. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். ஆரணிப் பக்கம் ரைஸ் மில் ஆபீஸ்களில் தவிடு. அது ஈரத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். பாலாற்று ஓரம் மண்தூசி, அது ஊதினாலே போய்விடும்.

சுத்தம் செய்யும் முறை: பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள், மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். வாசலுக்குக் கொண்டுபோய், புது பெயின்ட் பிரஷ்ஷும் கடையில் வாடகைக்குக் கிடைக்கும் பிளோயரும் வைத்துச் செய்யுங்கள். பிளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் போகும். ஈரத்துணி வேண்டாம்.

சுத்தம் செய்தும் சூடு இறங்கவில்லையா? இன்டெல் பெட்டியோடு வரும் ஃபேனுக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. ஒன்று கிளம்பியிருந்தாலும் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மெல்ல ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. ஆடினால் எதிரெதிர் மூலையாக 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் ப்ராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். நிறைய தடவினால் நன்றாகக் குளிரும் என்பது தவறு. ஏஎம்டி ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்கவும். காய்ந்த பேஸ்ட்டோடு ஹீட் சிங்க்கை நேராக மேலே இழுத்தால், பழைய மாடல்களில் ப்ராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், கீழே உள்ள ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள்.

கடைசியாகத்தான் ஃபேன் மாற்றுவது, கேபினட்டுக்குப் பின்புறம் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று சேர்ப்பது. உள்ளே கை வைக்கத் தயக்கம் என்றால் பேஸ்ட் வேலையிலிருந்து கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அதிக நேரம் எடுக்காத வேலை. பெரிய தொகை கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

## நேரம் காலம் இல்லை, திடீரென்று மொத்தமும் உறைகிறது

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, மவுஸ் நகரவில்லை, சூடும் இல்லை. சில நேரம் நீலத்திரை வருகிறது, சில நேரம் ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்திவிட்டு நிற்கிறது. இங்கே முதலில் ராம்.

பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றுங்கள். மஞ்சள் நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, தூளைத் துடைத்து, ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் விழும் வரை அழுத்துங்கள். ஐந்து ரூபாய் ரப்பரில் சரியாகும் சிஸ்டம்கள் ஏராளம்.

இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், அப்புறம் மற்றது. எதைப் போட்டால் நிற்கிறதோ அது கெட்டது. எதைப் போட்டாலும் ஒரு ஸ்லாட்டில் மட்டும் நிற்கிறது என்றால் ஸ்லாட் கெட்டது. நல்ல ஸ்லாட்டில் ஒரே பெரிய ராமாகப் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். வேறு வேறு வேகமுள்ள இரண்டு ராமை ஜோடி சேர்த்ததால் மட்டும் நிற்பதும் உண்டு. தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்தால் நின்றால் அதுதான்.

ஸ்டார்ட் மெனுவில் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடினால் விண்டோஸின் சொந்தச் சோதனை வரும். அதில் தப்பு காட்டினால் நம்பலாம். தப்பு இல்லை என்று சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். மெம்டெஸ்ட்86 ஐப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ராம் வேண்டாம்.

ராம் நன்றாக இருந்தால் போர்டை டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ராசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள்தான் கெப்பாசிட்டர். மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு வேலை. ரீவொர்க் (பாகங்களைக் கழற்றிச் சாலிடர் வைப்பது) செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். ஹெச்61, ஹெச்81 மாதிரிப் பழைய போர்டுக்கு ரிப்பேர் செலவு, செகண்ட் ஹேண்ட் போர்டு விலையை நெருங்கினால் ரிப்பேர் செய்யாதீர்கள்.

## மோட்டார் போட்டால், லேசர் பிரிண்டர் ஓடினால், கரண்ட் போய் வந்தால் நிற்கிறது

போர் மோட்டாரோ ஏசியோ ஸ்டார்ட் ஆகும் நொடியில் சிஸ்டம் உறைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ, விண்டோஸைத் திட்டிப் பயனில்லை. அந்த நொடியில் டியூப் லைட் மங்குகிறதா பாருங்கள். மங்கினால் வோல்டேஜ் விழுகிறது.

முதலில் பிளக், ஸ்பைக் பஸ்டர், சுவர் சாக்கெட். ஸ்பைக் பஸ்டரின் தளர்ந்த ஓட்டையில் செருகிய பிளக்கை ஆட்டினால் 'சர்' என்று பொறி வருகிறதா? அதை மாற்றுங்கள். சிஸ்டத்தை நேராகச் சுவரில் போட்டுப் பாருங்கள். மிக்ஸியும் அயர்ன் பாக்ஸும் ஓடும் சுவிட்ச் போர்டில் சிஸ்டத்தை மாட்டாதீர்கள்.

அடுத்து யுபிஎஸ். யுபிஎஸ் வைத்திருக்கிறேன், எனக்கெப்படி என்று கேட்பார்கள். அதன் பேட்டரி வழக்கமாக 12 வோல்ட் 7 ஏஹெச். இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும், நம் ஊர்ச் சூட்டில் அதற்கும் முன்னாலேயே போகலாம். சோதனை எளிது: எல்லா ஃபைலையும் மூடிவிட்டு, சிஸ்டம் ஓடும்போதே சுவர் சுவிட்சை அணையுங்கள். ஐந்து நிமிடமாவது தாங்க வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யுபிஎஸ்ஸை இல்லை. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் இப்போதே கழற்றிவிடுங்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டைச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

யுபிஎஸ்ஸும் சரி என்றால் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசமாக வந்தது என்றால் சந்தேகம் இன்னும் பலம். மல்டிமீட்டர் வைத்திருந்தால், சிஸ்டம் ஓடும்போது உபயோகிக்காத நாலு பின் கனெக்டரில் கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். வேலை கொடுக்கும்போது அதற்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். நண்பரின் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது இன்னும் நிச்சயம். எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை, அல்லது போதவில்லை. எர்த் இல்லாத சாக்கெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கேபினட்டில் கரண்ட் கசிந்து நிற்கும். கைரேகை மெஷின், பென் டிரைவ் எல்லாம் காரணமில்லாமல் துண்டிப்பதற்கும் சிஸ்டம் நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். மூன்றாவது பின்னை ஒடித்து இரண்டு பின் சாக்கெட்டில் செருகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துபோய் எர்த் பலவீனமாவது இங்கே சகஜம். குழி எங்கே என்று தெரிந்தால் வாரம் ஒரு முறை நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அவரிடம் கேளுங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

தெரு முழுக்க வோல்டேஜ் தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

## ஒரு குறிப்பிட்ட வேலையில் மட்டும் நிற்கிறது

இது நல்ல செய்தி. பெரும்பாலும் செலவில்லாமல் முடியும்.

வேர்டோ டேலியோ திறந்தால், அல்லது பிரிண்ட் கொடுத்தால் நிற்கிறதா? டீஃபால்ட் பிரிண்டர் எது என்று பாருங்கள். பக்கத்து அறையில் அணைந்து கிடக்கும் பிரிண்டரைத் தேடிக்கொண்டு நிற்கும். டீஃபால்ட்டை 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்று மாற்றிப் பாருங்கள். சரியானால் பிரிண்டர் பக்கம்தான் கோளாறு. அதேபோல 'திஸ் பிசி'யைத் திறந்தால் பச்சைக் கோடு ஓடிக்கொண்டே இருந்தால், இப்போது இல்லாத வேறொரு கம்ப்யூட்டரின் ஃபோல்டர் அங்கே நெட்வொர்க் டிரைவாக மாட்டியிருக்கும். டிஸ்கனெக்ட் செய்துவிடுங்கள்.

குரோமில் வீடியோ பார்க்கும்போது மட்டும் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்துப் பாருங்கள்.

இ-சேவை மையங்களில் கைரேகை மெஷின், வெப் கேமரா, ஸ்கேனர், டாங்கிள் எல்லாம் ஒரே சின்ன யூஎஸ்பி ஹப்பில் தொங்கும். கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். குற்றவாளி தானாக மாட்டும். கைரேகை மெஷினைக் கேபினட்டின் பின்பக்க போர்ட்டில் நேராக மாட்டுவது நல்லது.

எதில் என்று பிடிபடாவிட்டால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடில் (அவசியமான டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலை) போய் ஒரு மணி நேரம் விடுங்கள். அங்கே நிற்காமல் ஓடினால் டிரைவரோ ஏதோ புரோகிராமோதான். கடைசியாக என்ன போட்டீர்கள் என்று யோசித்து நீக்குங்கள். அங்கேயும் நின்றால் மேலே உள்ள தலைப்புகளுக்குத் திரும்புங்கள்.

காசு கொடுக்காமல் விண்டோஸையும் ஆபீஸையும் ஆக்டிவேட் செய்யும் புரோகிராம்கள் சிலவற்றோடு, பின்னால் ஒளிந்து சிபியுவைத் தின்னும் வேறு சரக்கும் சேர்ந்து வரும். சும்மா இருக்கும்போது சிபியு எண்பது, தொண்ணூறு என்று காட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் சட்டென்று இறங்கினால் அதுவாக இருக்கலாம்.

## படம் உறைந்து, சத்தம் 'ர்ர்ர்ர்' என்று இழுக்கிறது. அல்லது திரையில் கோடு கோடாக வருகிறது

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு முறை கண் சிமிட்டி மீண்டால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் விழுந்திருக்கிறது. டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிதாகப் போடுங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றி, பற்களைத் துடைத்து மாட்டுங்கள். அதன் ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள். பிறகு கார்டையே எடுத்து வைத்துவிட்டு, போர்டில் உள்ள போர்ட்டில் மானிட்டரை மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். ப்ராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்தான் அதில் படம் வரும். நன்றாக ஓடினால் கார்டு போய்விட்டது. விளையாட்டு, வீடியோ எடிட்டிங் இல்லாத வீட்டுக்கு அந்தக் கார்டு இல்லாமலே போகட்டும்.

## லோகோவிலேயே நிற்கிறது, உள்ளேயே போகவில்லை

பென் டிரைவ், மெமரி கார்டு, பிரிண்டர் கேபிள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். போர்டின் லோகோவிலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் கழற்றிப் பாருங்கள். இப்போது பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) உள்ளே போக முடிந்தால் டிஸ்க்தான் போர்டைப் பிடித்து நிறுத்துகிறது. தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்குப் போனால் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். ஹேங்குக்கு அது அநேகமாகக் காரணம் இல்லை, ஆனால் தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் திறக்காது.

விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். அதற்கும் வரவில்லையா, இரண்டு மூன்று முறை பாதியில் அணைத்தால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர். நகல் எடுக்காத ஃபைல் உள்ளே இருந்தால் அதற்கு மேல் எதையும் அழுத்த வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் நகல்.

## சரி, ஃபார்மட் எப்போது?

டிஸ்க் 'குட்', ராம் சோதனையில் தப்பில்லை, சூடு அளவோடு இருக்கிறது, கரண்ட் சரி, சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது, சாதாரணமாக ஓட்டினால் மட்டும் நிற்கிறது. இவ்வளவும் இருந்து, நகலும் எடுத்தாகிவிட்டது என்றால் போடலாம். போடுகிறபோது, இன்னும் விண்டோஸ் 7, 10 இல் இருப்பவர்கள் கவனிக்க: விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. வங்கி வேலை செய்யும் கம்ப்யூட்டரில் திரும்பவும் பழையதையே போடுவதில் அர்த்தமில்லை.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

எஸ்எம்பிஎஸ்ஸில் கருகிய வாசனை, போர்டில் உப்பிய கெப்பாசிட்டர், சத்தம் போடும் டிஸ்க், வளைந்த ப்ராசஸர் ஊசி, சுரீர் என்று அடிக்கும் கேபினட் (இதற்கு எலக்ட்ரீஷியன்). இந்த இடங்களில் நீங்களே மேற்கொண்டு நோண்ட வேண்டாம்.

மானிட்டர், கீபோர்டு எதுவும் தேவையில்லை, கேபினட் மட்டும் போதும். கொடுக்கும் முன் மூடியைத் திறந்து ராம், டிஸ்க் ஸ்டிக்கர்களில் உள்ள சீரியல் எண் தெரியும்படி கடைக்காரர் எதிரிலேயே போட்டோ எடுங்கள். நல்ல கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார். நீங்கள் குறித்து வைத்த தாளைக் கொடுங்கள். "ஹேங் ஆகுது" என்று மட்டும் சொன்னால், அவருக்கு முன்னால் குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும். ஃபார்மட் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "மதியம் இரண்டு மணிக்கு மேல், மோட்டார் ஓடாதபோதும் நிற்கிறது, ராம் மாற்றிப் பார்த்தாயிற்று" என்றால் அவர் நேராக அடுத்த இடத்துக்குப் போவார்.

நகல் எடுத்திருந்தாலும் "என்னைக் கேட்காமல் ஃபார்மட் போட வேண்டாம்" என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டி இருந்தால் புதுப் பாகத்தின் பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். திரும்ப எடுக்கப் போகும்போது ஏசி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் வீடியோ ஓட விட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் காசு கொடுங்கள்.